காற்று விற்கும் தொழில்: கொம்பிரஷர் வாங்கப் போகும் குடும்பங்களுக்கு

காணி இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. வந்த காணியிலும் கிணறு தூர்ந்து, வரம்பு அழிந்து, பற்றை மண்டிக் கிடந்ததைத் துப்புரவாக்கவே பல போகங்கள் போயின. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களுக்கும், 2007இல் மன்னார் முள்ளிக்குளத்தை விட்டு வெளியேறியவர்களுக்கும், 2012 செப்டெம்பரில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்படும்வரை காத்திருந்து வன்னிக்குத் திரும்பியவர்களுக்கும் இது பழகிப்போன கதை. மண்வெட்டி பிடித்த கைக்கு, மண் முழுதாகத் திரும்பும்வரையாவது வேறொரு தொழில் வேண்டியிருக்கிறது.

சுயதொழில் உதவி கேட்டு எமக்கு வரும் விண்ணப்பங்களில், தையல் இயந்திரத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் அடுத்தபடியாக நாம் அடிக்கடி காண்பது 'ரயர் ஒட்டும் கடைக்கு ஒரு கொம்பிரஷர்' என்ற வரி. இது நியாயமான கேள்வியே. 2009க்குப் பின் வீதிகள் திருத்தப்பட்டன. மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் பெருகின. உழவு இயந்திரமோ எப்போதும் உண்டு. காற்றுப் போகாத சில்லு உலகத்தில் இல்லை. காற்பம்பை மிதிக்கும் பலம் இல்லாத ஒரு தாயும், கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் ஒரு சகோதரியும் கூட இந்த இயந்திரம் இருந்தால் கடை நடத்த முடியும். நடத்துகிறவர்களை நாம் அறிவோம்.

அதே வேளையில், ஒரு வருடத்துக்குள் கொட்டிலின் மூலையில் துருப்பிடித்து, மேலே கோழி அடைகாக்கும் கொம்பிரஷர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அவற்றுக்கான கடன் மட்டும் அடைகாக்காமலே பெருகியது. இந்த இரண்டு நிலைமைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பெரும்பாலும் வாங்குகிற அன்றைக்கே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. எனவே வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

புதுக்கடையும் பக்கத்துத் தெருக்களும்

எமது மக்களுக்குக் கொழும்பு 12, புதுக்கடை என்றால் நினைவுக்கு வருவது நீதிமன்றம். உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அங்கேதான் இருக்கின்றன. பிள்ளையின் தடுப்புக்காவல் வழக்குக்கும் காணி வழக்குக்குமாக அந்தப் படிகளில் ஏறி இறங்கியவர்கள் எம்மில் பலர். ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு ஹல்ஸ்டோர்ப் என்று பெயர். 1656இல் கொழும்பை முற்றுகையிட்டபோது இறந்த ஹல்ஃப்ற் என்ற ஒல்லாந்தத் தளபதியின் பெயர் அது.

வழக்கு ஒத்திவைக்கப்பட்ட பின்னேரத்தில் அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இரண்டு சந்தைகள் இருக்கின்றன. ஒன்று பழைய சோனகத் தெரு. இரும்புச் சாமான், கைக்கருவி, மோட்டார், பம்பு என்று புதுச் சாமான்கள் விற்கும் மொத்தக் கடைகளும் சில்லறைக் கடைகளும் அங்கே நிறைந்திருக்கின்றன. மற்றது பஞ்சிகாவத்தை. வாகன உதிரிப்பாகத்துக்கு இலங்கை முழுவதும் பெயர் பெற்ற இடம். பழைய சாமான், கழற்றிய சாமான், வெளிநாட்டிலிருந்து பாவித்து வந்த சாமான் எல்லாம் கிடைக்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்களுக்கும், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் வருபவர்களுக்கும் இந்த இரண்டு இடங்களும் எட்டாத தூரமல்ல.

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கொம்பிரஷர் கிடைக்காமலில்லை. விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் ஊருக்குப் பக்கத்தில் வாங்குவதே நல்லது என்பது எமது அபிப்பிராயம். பழுதானால் தூக்கிக்கொண்டு போகலாமல்லவா? ஆனால் பத்துக் கடைகளில் பத்து வகையை ஒரே பின்னேரத்தில் பார்த்து, கேட்டு, தொட்டுப் பழக புதுக்கடைப் பக்கம் போல வேறிடம் இல்லை. வாங்காவிட்டாலும் பார்த்துவிட்டு வாருங்கள். விலைகளை நாம் இங்கே எழுதவில்லை. 2022இல் ரூபாய் சரிந்த வேகத்தைக் கண்ட பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சஞ்சிகையில் விலை எழுதுவது வீண்.

முதலில் உங்கள் வீதியில் நின்று பாருங்கள்

கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கடை போட நினைக்கும் இடத்தில் ஒரு கிழமை இருந்து, என்னென்ன வாகனங்கள் போகின்றன என்று கொப்பியில் குறியுங்கள். எந்த இயந்திரம் தேவை என்பதை அந்தக் கொப்பிதான் சொல்லும்.

சைக்கிள் ரியூப்புக்கு 40 முதல் 60 இறாத்தல் காற்று. மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் 25 முதல் 36 வரை. உழவு இயந்திரத்தின் முன்சில்லுக்கு 30 அளவில். பின்சில்லு பார்க்கப் பெரிதானாலும் அதற்கு 12 முதல் 16 இறாத்தலே போதும். லொறிக்கும் பஸ்ஸுக்கும் 100 இறாத்தலும் அதற்கு மேலும் வேண்டும். சரியான அளவு வாகனத்தின் கைநூலில் இருக்கும். ரயரின் பக்கத்தில் அச்சடித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு.

ஒரே ஒரு உருளைப் படியில் காற்றை அமுக்கும் சிறிய கொம்பிரஷர் ஏறத்தாழ 115 இறாத்தலில் தானாக நின்றுவிடும். எனவே சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம் ஆகியவற்றுக்கு அது தாராளம். லொறிக்கு அது போதாது. இரண்டு படிகளாக அமுக்கும் பெரிய இயந்திரம் வேண்டும். அதற்கு மும்முனை மின்சாரமும் வேண்டிவரலாம். 'நாளைக்கு லொறியும் வரும்' என்ற நம்பிக்கையில் பெரியதை வாங்கி, நாளாந்தம் நாலு மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிப்பவர் வட்டிக்கு உழைப்பவராகிறார். பிரதான வீதியில் இருந்தாலொழிய லொறியை மறந்துவிடுங்கள்.

பெயின்ற் அடிக்கும் தொழிலையும் சேர்த்துச் செய்யலாம் என்று கடைக்காரர் சொல்வார். கதவு, கேற், சைக்கிள் சட்டம் ஆகியவற்றைச் சிறு துப்பாக்கியால் ஆறுதலாக அடிக்கலாம். வாகனம் முழுவதும் அடிக்கும் துப்பாக்கி நிமிடத்துக்கு 8 கன அடியும் அதற்கு மேலும் காற்றைக் குடிக்கும். சிறிய இயந்திரம் மூச்சு வாங்கிச் சூடேறி நிற்கும். பெயின்ற் திட்டுத்திட்டாக விழும்.

தொட்டியை அல்ல, காற்றைப் பாருங்கள்

கடையில் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது தொட்டியின் பருமனுக்கு. அடுத்தது மோட்டாரில் ஒட்டியிருக்கும் குதிரைவலுக் கணக்குக்கு. இரண்டும் ஏமாற்றக்கூடியவை. தொட்டி ஒரு களஞ்சியம் மட்டுமே. பெரிய குதிர் கட்டினால் நெல் கூடுதலாக விளையுமா? காற்றை விளைவிப்பது மேலேயுள்ள தலைப்பகுதி, அதாவது உருளையும் பிஸ்ரனும். அது நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் காற்றை உண்மையாகவே தொட்டிக்குள் தள்ளுகிறது என்பதே கேள்வி.

பெட்டியில் ஓர் எண் அச்சடித்திருக்கும். பெரும்பாலும் அது பிஸ்ரனின் 'இடப்பெயர்ச்சி' அளவு. இந்தச் சொல் எமக்கு நன்கு பழக்கமானது. போன அளவு முழுவதும் போய்ச் சேர்ந்ததில்லை என்பதும் எமக்குத் தெரியும். இங்கேயும் அப்படித்தான். பிஸ்ரன் இடம்பெயர்க்கும் காற்றில் ஒரு பங்கு உருளையின் மேல் இடுக்கிலும் வால்விலும் தங்கிவிடும். மூன்றில் இரண்டு பங்கு தொட்டிக்குப் போனால் நல்ல இயந்திரம் என்று கொள்ளலாம்.

உண்மை அளவை அறிய ஒரு மணிக்கூடு போதும். தொட்டியை முழுவதும் வெறுமையாக்குங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு, தானாக நிற்கும்வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 115 இறாத்தல் என்பது வளிமண்டல அழுத்தத்தின் ஏறத்தாழ 8 மடங்கு. ஆகவே தொட்டியின் லீற்றரை எட்டால் பெருக்கி, நிமிடத்தால் பிரியுங்கள். 50 லீற்றர் தொட்டி 4 நிமிடத்தில் நிறைந்தால், 400ஐ நாலால் பிரிக்க நிமிடத்துக்கு 100 லீற்றர், அதாவது மூன்றரைக் கன அடி. ஆறு நிமிடம் எடுத்தால் 67 லீற்றர்தான். பெட்டியில் எதை எழுதியிருந்தாலும் அந்த இயந்திரம் அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வரும் கடைக்கு நிமிடத்துக்கு 100 லீற்றர் போதும். நிறைந்த 50 லீற்றர் தொட்டி 40 இறாத்தலுக்கு இறங்குமுன் ஏறத்தாழ 250 லீற்றர் காற்றைத் தரும். மோட்டார் ஓடாமலே பத்துக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் ரயர்களுக்கு அது போதும். ஆனால் உழவு இயந்திரத்தின் ஒரு பின்சில்லு தட்டையாக வந்தால் அந்த ஒரு தொட்டிக் காற்றையும் அதுவே குடித்துவிடும். பெரும்போக உழவு தொடங்கும் கிழமையில் மூன்று இயந்திரங்கள் வரிசையில் நிற்கும்போதுதான் தலைப்பகுதியின் பலம் தெரியும்.

மின்சாரம்

எமது ஊர்களில் கொம்பிரஷரைக் கொல்வது பெரும்பாலும் மின்சாரம்தான். 2 குதிரைவலு மோட்டார் ஓடும்போது 9 அல்லது 10 அம்பியர் எடுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். மின்மாற்றியிலிருந்து தூரத்தில், கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் வீட்டில், எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் மாலை ஏழு மணிக்கு, 230 வோல்ற் இருக்க வேண்டிய இடத்தில் 200க்கும் கீழே இறங்கிவிடலாம். அப்போது மோட்டார் சுற்றாமல் 'ம்ம்' என்று முனகும். உடனே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் சில நொடிகளில் சுருள் கருகிவிடும். வாங்குமுன் ஒரு மின்னிணைப்பாளரை மாலை நேரத்தில் அழைத்து வோல்ற்றளவை அளப்பியுங்கள். குறைவாக இருந்தால் இரண்டு குதிரைவலுவுக்கு மேல் போகவே வேண்டாம். தொட்டியைப் பகலில் நிரப்பி வைத்து மாலையில் பாவியுங்கள்.

5 அம்பியர் பிளக்கில் இதைச் செருகக்கூடாது. தனி வயர், தனி ஆளி, நில இணைப்பு, கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் ஆகியன இருக்க வேண்டும். வீதியோரம் வரை காற்று வேண்டுமென்றால் மின்வயரை நீட்டாமல் காற்றுக் குழாயை நீட்டுங்கள். மெல்லிய நீளமான வயரில் வோல்ற்றளவு இன்னும் இறங்கும்.

2 குதிரைவலு மோட்டார் அரை மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரம். நாளுக்கு மொத்தமாக ஒரு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 60 அலகு. வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. அலகு கூடக் கூட அலகொன்றின் விலையும் கூடும். இதையும் கணக்கில் சேருங்கள்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் யப்பானில் பாவித்த இயந்திரங்கள் கண்ணில் படலாம். உறுதியானவைதான். ஆனால் யப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற். தகட்டை வாசிக்காமல் வாங்கி எமது 230 வோல்ற்றில் கொடுத்தால் முதல் நாளே புகைந்துவிடும்.

மின்சாரமே எட்டாத இடத்தில் இருப்பவர்கள் தலைப்பகுதியைத் தனியே வாங்கி, இருசில்லு உழவு இயந்திரத்தின் கப்பியிலிருந்து பெல்ற் போட்டு ஓட்டலாம். 1990களில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாமல் வாழப் பழகிய எமது கராஜ்காரருக்கு இது பெரிய வித்தையல்ல. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மின்மோட்டாரை அழுத்த ஆளி தானாக நிறுத்தும். எஞ்சினை அது நிறுத்தாது. எனவே தொட்டி நிறைந்ததும் காற்றை வெளியே திருப்பிவிடும் பாரம் இறக்கும் வால்வு கட்டாயம் வேண்டும். பாதுகாப்பு வால்வு திறக்கும் என்று நம்பி ஓடவிடுவது, பிரேக் இல்லாத வண்டியில் மதிலை நம்பிப் போவது போன்றது.

பழைய தொட்டி

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருக்கிறதென்றால் இதை வாசியுங்கள்.

12 அங்குல விட்டமுள்ள தொட்டியின் ஒரு பக்க மூடியின் பரப்பு 113 சதுர அங்குலம். ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 115 இறாத்தல் என்றால் மூடி ஒன்றில் மட்டும் 13,000 இறாத்தல், ஏறத்தாழ 6 தொன் பாரம். நெல் ஏற்றிய லொறி ஒன்றின் பாரத்தை ஒரு மெல்லிய தகடு தாங்கிக்கொண்டு, உங்கள் பிள்ளை பாடம் படிக்கும் விறாந்தைக்குப் பக்கத்தில் நிற்கிறது. தகடு நல்லதாக இருக்கும்வரை பயமில்லை.

அந்தத் தகட்டை உள்ளிருந்து அரிப்பது தண்ணீர். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்பதுண்டு. காற்றிலிருந்துதான் வருகிறது. எமது நாட்டுக் காற்று ஈரம் மிகுந்தது. 10 கன மீற்றர் காற்றை, அதாவது நல்ல வேலை நாளொன்றின் காற்றை, அமுக்கித் தொட்டியில் அடைத்தால் ஒரு தேநீர்க் குவளை அளவு தண்ணீர் அடியில் தேங்கும். அதை ஒவ்வொரு நாளும் திறந்துவிடாவிட்டால் அடித்தகடு மாதத்துக்கு மாதம் மெலியும். வெளியே பெயின்ற் மினுங்கும். ஒருநாள் அது வெடிக்கும்.

பழைய தொட்டிக்குப் புதுப் பெயின்ற் அடித்து விற்பது எங்கும் நடப்பதே. எனவே பாவித்த கொம்பிரஷர் வாங்க நேர்ந்தால், அடியிலுள்ள வடிகால் ஆணியை முழுவதும் கழற்றச் சொல்லுங்கள். செந்நிறத் தண்ணீரும் துருச் செதிலும் கொட்டினால் திரும்பிப் பாராமல் வந்துவிடுங்கள். துளைக்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பக்கத்தைக் காற்று இல்லாத வேளையில் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு மணிபோல ஒலிக்கும், மெலிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். எங்காவது ஒட்டுப்போட்டு வெல்டிங் செய்த தழும்பு தெரிந்தால் வேண்டாம். காற்றுத் தொட்டியை ஒட்டிப் பாவிக்க முடியாது. ரியூப்பை ஒட்டலாம், இதை ஒட்டக்கூடாது.

சந்தேகம் இருந்தும் வாங்கத்தான் வேண்டுமென்றால் நீர்ப் பரிசோதனை செய்யும் பட்டறைக்குக் கொண்டு போங்கள். தொட்டியைத் தண்ணீரால் முழுவதும் நிரப்பி, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்குக் கைப்பம்பால் ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் காற்றைப்போல அமுங்காது. எனவே தகடு கிழிந்தாலும் வெடிக்காது, கசியும். அதே சோதனையைக் காற்றால் செய்ய யாராவது முன்வந்தால் அவ்விடத்தை விட்டு விலகுங்கள். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றுத் தாங்கிகளைத் தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. எமது வீட்டுக் கொட்டில்களுக்கு எந்தப் பரிசோதகரும் வருவதில்லை.

பழைய குளிர்சாதனப் பெட்டியின் மோட்டாரைப் பழைய காஸ் சிலிண்டரில் பொருத்திக் கொடுக்கும் கெட்டிக்காரரும் உண்டு. கைத்திறனை மெச்சலாம். ஆனால் காற்றளவும் மிகக் குறைவு. சிலிண்டருக்கு வடிகாலும் இல்லை. பணம் குறைவென்றால் நல்ல புதிய சிறிய இயந்திரம் ஒன்றே எமது சிபாரிசு.

கடையில் நின்று செய்ய வேண்டியது

"நானா, தொட்டியை வெறுமையாக்கி ஒருக்கா ஓட்டிக் காட்டுங்கோ" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பழைய சோனகத் தெருவில் தமிழிலேயே பேசி வாங்கலாம். நேர்மையான வியாபாரி மறுக்க மாட்டார். மறுத்தால் அடுத்த கடை இருபதடி தூரத்தில்.

ஓடத் தொடங்கியதும் மணிக்கூட்டைப் பாருங்கள். நிறைந்து நின்றதும் 'உஸ்' என்று ஒரு சிறு காற்று வெளியேற வேண்டும். தலைப்பகுதியில் அடைபட்ட காற்றை விடுவிக்கும் ஒலி அது. அது வராவிட்டால் அடுத்த முறை மோட்டார் பாரத்தோடு தொடங்க வேண்டியிருக்கும். ஊர் மின்சாரத்தில் அது தொடங்காது. அந்த 'உஸ்' நிற்காமல் தொடர்ந்தால் திரும்பா வால்வு பழுது. பிறகு பத்து நிமிடம் கதைத்துக்கொண்டு நில்லுங்கள். அழுத்தமானியின் முள் இறங்கக்கூடாது. பிறகு காற்றைச் சிறிது சிறிதாகத் திறந்துவிடுங்கள். மோட்டார் தானாக, தயங்காமல், மீண்டும் ஓட வேண்டும். பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்துப் பாருங்கள். காற்று சீறிவிட்டு, விட்டதும் அடைபட வேண்டும்.

ஒயில் போடும் வகை, ஒயில் இல்லாத வகை என இரண்டு உண்டு. ஒயில் இல்லாதது விலை குறைவு, பாரம் குறைவு. இரைச்சலோ காதைப் பிளக்கும், தொடர்ந்த வேலையில் சீக்கிரம் தேயும். ரயர் கடைக்கு ஒயில் வகையையே வாங்குங்கள். மோட்டாரோடு நேரே பொருத்தியதைவிட பெல்ற்றில் ஓடுவது வேகம் குறைவாகச் சுற்றும், சூடு குறைவு, நீண்ட நாள் உழைக்கும். பணம் இடங்கொடுத்தால் பெல்ற் வகை. வால்வுத் தகடு, காஸ்கற், பிஸ்ரன் வளையம் தனியே கிடைக்குமா என்று கேட்டு, ஒரு சோடி காஸ்கற்றையாவது அன்றைக்கே வாங்கி வையுங்கள். பற்றுச்சீட்டில் இயந்திரத்தின் இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட வேண்டும்.

லொறியில் ஊருக்கு அனுப்பும்போது ஒயிலை வடித்துவிட்டு, நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். படுக்கவைத்துக் கொண்டுபோனால் ஒயில் வடிகட்டிக்குள்ளும் உருளைக்குள்ளும் போய்விடும். ஊரில் ஒயில் ஊற்றாமல் ஓட்டினால் பத்து நிமிடத்தில் இயந்திரம் முடிந்தது.

கொட்டிலில்

நிழலான, சமனான, காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். சமையலறையும் பெயின்ற் அடிக்கும் இடமும் தூரமாக இருக்கட்டும். பெல்ற் வகையில் பெரிய சில்லு சுற்றும்போது உருளையை நோக்கிக் காற்று வீச வேண்டும். மோட்டார் மறுபக்கம் சுற்றினால் உருளை சூடாகும். பெல்ற்றுக்கு மேல் உள்ள கம்பிவலையைக் கழற்றாதீர்கள். சேலை முந்தானையும் சிறுவரின் விரலும் அதை நினைவில் வைத்திருக்காது.

வேலை முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, தொட்டியில் சிறிது காற்று இருக்கும்போதே வடிகாலைத் திறந்து தண்ணீர் போகவிடுங்கள். மாடு கட்டுவதுபோல ஒவ்வொரு நாளும் செய்யும் வேலை இது. ஒயில் மட்டத்தைக் காலையில் கண்ணாடித் துளையில் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மாற்ற வேண்டும். எமது செம்மண் தூசி காற்று வடிகட்டியைச் சீக்கிரம் அடைக்கும். கிழமைக்கொருமுறை தட்டி, பஞ்சு வகையானால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். மூட்டுகளுக்குச் சவர்க்கார நுரை பூசினால் கசிவு குமிழியாகத் தெரியும். அழுத்த ஆளியின் திருகை முறுக்கிக் கூடுதல் இறாத்தல் ஏற்ற முயலவே வேண்டாம்.

ரயருக்குக் காற்றடிக்கும்போது அளவுமானி இல்லாமல் அடிக்காதீர்கள். கையால் தட்டிப் பார்த்து அளவு சொல்லும் காலம் போய்விட்டது. உழவு இயந்திரத்தின் பின்ரயர் றிம்மில் உட்கார மறுத்தால் விளிம்புக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். 35 இறாத்தலுக்கு மேல் ஏற்றக்கூடாது. அதற்குள் உட்காராவிட்டால் காற்றை இறக்கி மறுபடி தொடங்குங்கள். சில்லுக்கு நேரே குனிந்து நிற்காமல் நீளக் குழாயோடு பக்கவாட்டில் நில்லுங்கள். பூட்டு வளையம் உள்ள லொறி றிம்மை இரும்புக் கூடு இல்லாமல் தொடவேண்டாம். அந்த வளையம் தெறித்தால் ஆளைக் கொல்லும்.

வேலை முடிந்து உடுப்பிலுள்ள தூசியைக் காற்றால் ஊதுவதைப் பல இடங்களில் காண்கிறோம். சிறுவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஊதி விளையாடுவதையும் காண்கிறோம். அமுக்கிய காற்று காயத்தின் வழியே தோலுக்குள் புகும்; கண்ணையும் செவிப்பறையையும் கெடுக்கும்; உடலின் துவாரங்களில் பட்டால் குடலையே கிழிக்கும். இதைக் கடுமையாகத் தடுக்க வேண்டும். ஆழக் கிணற்றில் இறங்கியவருக்கோ, கடலில் சுழியோடுபவருக்கோ மூச்சுக் காற்றாக இதை அனுப்பவும் கூடாது. ஒயில் ஆவி கலந்த காற்று அது. பக்கத்தில் எஞ்சின் ஓடினால் நஞ்சுப் புகையும் சேர்ந்து போகும்.

பணம்

வாராவாரம் வாசலில் வந்து நின்று அறவிடும் நுண்கடனில் இந்த இயந்திரத்தை வாங்க வேண்டாம் என்பதே எமது உறுதியான கருத்து. ரயர் கடையின் வருமானம் வாராவாரம் ஒரே சீராக வராது. உழவிலும் அறுவடையிலும் பொங்கும்; இடையில் வற்றும். உங்கள் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் போகத்துக்கொருமுறை கட்டும் தவணை கேளுங்கள். காணி உறுதியை யாரிடமும் ஈடு வைக்காதீர்கள். அதற்காக எத்தனை வருடம் அலைந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

இயந்திரத்தின் விலை மட்டும் முதலல்ல. குழாய், அளவுமானி, ஒட்டுத்துண்டு, பசை, ரயர் நெம்பும் கம்பி, ஜக், மின்வயர் வேலை, ஒரு தண்ணீர்த் தொட்டி, முதல் மூன்று மாத மின்கட்டணம் ஆகியவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகை கையிலுள்ளதைத் தாண்டினால், முதலில் நல்ல காற்பம்பும் ஒட்டுச் சாமானும் வாங்கிச் சைக்கிளோடும் மோட்டார் சைக்கிளோடும் ஒரு போகம் நடத்திப் பாருங்கள். கொப்பியில் நாளாந்த வேலையைக் குறித்து வையுங்கள். கடனுக்கு வரும்போது அந்தக் கொப்பியையும் எடுத்து வாருங்கள். விண்ணப்பப் படிவத்தைவிட அதையே நாம் முதலில் பார்ப்போம்.